வற்றாப்பளைப் பொங்கலன்று நேசமணி வீட்டுக்குப் போனேன்

வைகாசித் திங்கட்கிழமை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலன்று, உருத்திரபுரத்திலிருந்து வற்றாப்பளைக்குப் போய் அன்றைக்கே திரும்பி வந்தேன். நான் பொங்கலுக்குப் போகவில்லை. நான் வேதக்காரி. அன்றைக்குப் பொங்கல் என்பதே பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. சைவக்காரர் ஒருவரும் விடாத பிழை இது. இந்தப் பாதையால் போக இருப்பவர்கள் முதலில் கலண்டரைப் பாருங்கள். அன்றைக்குப் போனால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டி வரும்.

ஏன் போனேன் என்று சொல்லாமல் பஸ் நேரத்தை மட்டும் எழுதினால் சரிவராது.

எங்கள் சபையில் புதன்கிழமை பின்னேரங்களில் சீடத்துவ வகுப்பு நடக்கிறது. தகரக் கூரை, பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு மின்விசிறி. பாஸ்டரின் வகுப்பில் படித்ததை ஒப்புவிக்கத் தேவையில்லை. ஆண்டவர் செய்யச் சொன்னதில் ஒன்றையாவது அந்தக் கிழமை செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஆளைப் போய்ப் பார்த்ததாகச் சொல்வார். ஒருத்தி தொலைக்காட்சி நாடகத்தை விட்டுவிட்டேன் என்றாள். அந்த நாடகம் அந்தக் கிழமையோடு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் என் முறை வரும்போது சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. செய்ய வேண்டியது எது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. அதற்கு அப்பம் சுடுவது நான். கோதுமை மாவைப் புளிக்க விடாமல் பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, கருகாமல் சுட்டுக் கொடுப்பேன். ஆனால் நான் தின்பதில்லை. தட்டு என்னிடம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவேன். ஒருவர்மேல் மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அந்தப் பந்தியில் கை வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். போர் முடிந்து முகாமில் இருந்த நாள் முதல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. ஆகவே கை வைக்கவில்லை. பசித்தாலும் பொய்யாகச் சாப்பிட எனக்கு வராது. ஆனால் வயது எழுபத்திரண்டு. இன்னும் எத்தனை தட்டு எனக்கு முன்னால் வரப்போகிறது?

அந்தப் புதன்கிழமை எழும்பிக் கேட்டேன்: "பாஸ்டர், பிழை செய்த ஆள் வந்து மன்னிப்புக் கேக்காட்டிலும் நாங்கள் மன்னிக்கத்தான் வேணுமோ?"

"அந்த ஆளைப் போய்ப் பாத்தீங்களோ அம்மா?"

"இல்லை."

"அப்ப கேக்காது எண்டு எப்பிடித் தெரியும்?"

என் கடைசிப் பிள்ளையின் வயதுகூட இல்லாத ஆள். அந்தக் கேள்வி முள்ளுப்போல ஏறிவிட்டது. ஐந்து இரவு ஒழுங்காகக் கண் மூடவில்லை. திங்கள் விடியப் புறப்பட்டுவிட்டேன்.

நான் பார்க்கப் போன ஆளின் பெயர் நேசமணி. என்னை ஆண்டவரிடம் கூட்டிக்கொண்டு போனவளே அவள்தான். மனத்தாங்கலோடு பந்தியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லித் தந்ததும் அவள்தான். ஒரே காணிவரிசையில் இருந்தோம், சேர்ந்தே இடம்பெயர்ந்தோம், சேர்ந்தே செட்டிகுளம் முகாமுக்கு வந்தோம். போர் முடிகிற காலத்தில் என் மகள் வசந்தியை இயக்கம் பிடித்துக்கொண்டு போய்த் தலைமயிரை வெட்டிவிட்டது. சில கிழமையில் தப்பி ஓடி வந்துவிட்டாள். முகாமில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஒரு நாள் என்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பெயர் பதிய வேண்டும் என்று. நான் பதிய விடவில்லை. கட்டை மயிரைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் பேன் என்று சொன்னேன். உண்மையை நேசமணி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன், ஜெபத்தில் தாங்கச் சொல்லி.

அன்று பின்னேரம் அவள் எங்கள் தறப்பாள் கொட்டிலில் முழந்தாளிட்டாள். நேசமணியின் ஜெபம் ஊரறிந்தது. இரண்டு வாய்க்கால் தாண்டிக் கேட்கும். "ஆண்டவரே, வசந்தி இயக்கத்தில இருந்ததை ஒரு மனுசருக்கும் தெரியாமல் மறைச்சுப்போடும்!" என்று கையை உயர்த்திக் கத்தினாள். நான் அவளுடைய சீலையைப் பிடித்து இழுத்தேன். ஆவியில் நிறைந்துவிட்டாள், நிற்கவில்லை. தறப்பாளுக்கு வெளியே நின்ற எவனோ கேட்டுவிட்டான்; மறுநாள் காலை ஆமிக்காரர் வந்து வசந்தியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்தாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள், கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறது. "அம்மா, நான் அதை எப்பவோ விட்டிட்டன்" என்பாள். அவள் விடலாம். கூடாரத்து வாசலில் அவள் விட்டுப்போன செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான்.

இனிப் பயணம். உருத்திரபுரத்தில் காலை 6.10 பஸ். கிளிநொச்சிக்கு எட்டுக் கிலோமீற்றர், 60 ரூபாய். பஸ் நிலையத்தில் ஒரு பிஸ்கற் பெட்டி வாங்கினேன். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. ஆனால் கிரீம் வைத்ததை வாங்க மனம் வரவில்லை. வெறும் பிஸ்கற்றாகப் பார்த்து வாங்கினேன்.

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்கு 7.15 பஸ், 270 ரூபாய். பரந்தனால் திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகும். உள்ளே முழுக்க வேப்பிலையும் பித்தளைச் செம்பும். கொண்டக்டர் என்னைப் பார்த்து, "அம்மா, பொங்கலுக்கோ? பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ" என்றார். பின்னுக்குப் போக இடமில்லை. முன்னுக்கும் இல்லை. தருமபுரத்தில் ஒரு பெண் எழும்பி இடம் தந்தாள். அவளுடைய கையில் ஒரு சேவல் வேறு. உயிர்ச் சேவல், நேர்த்திக்குக் கொண்டு போய் விடுகிறாளாம்.

"உங்களுக்கு என்ன நேர்த்தி அம்மா?" என்று கேட்டாள்.

"ஒருத்தியோட கதைக்கப் போறன். பதினைஞ்சு வருசத்துக்கு மேல கதையில்லை."

"ஐயோ, அதுக்குப் பதிலா நான் காவடி எடுத்திடுவன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.

ஜன்னல் கரை கிடைத்தது நல்லதென்று நினைத்தேன். நல்லதில்லை. இந்தப் பாதையில் எனக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விசுவமடுவில் ஒரு வீட்டுக் கிணறு. இடம்பெயர்ந்து போகையில் நாங்கள் தண்ணீருக்கு நின்றபோது வாளியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள் ஒருத்தி. இப்போது அந்த வீட்டுக்கு மாடி கட்டியிருக்கிறார்கள். உடையார்கட்டில் ஒரு மதில். அதன் நிழலில் இருந்த எங்களை எழுப்பிக் கலைத்தார் ஒருவர். இப்போது மதில் இல்லை, அவரும் இல்லை. ஆனால் குரல் இருக்கிறது. ஒன்றை மன்னிக்கப் புறப்பட்டால் மற்றவையெல்லாம் வரிசையில் வந்து நின்று, எங்களை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும் போலிருக்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுக்குடியிருப்பில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பையைக்கூடத் தோளில் மாட்டினேன். சேவல்காரி விலகி வழி விடாததால் இருந்துவிட்டேன்.

வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெதுவாகும். ஒடுங்கிய, தாழ்ந்த பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். பொங்கல் கூட்டமும் அதில் அமைதியாகிவிட்டது. நேசமணியின் மகன் ரூபன் போரின் கடைசி நாட்களில் இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போனான். கூப்பிட்டார்கள் என்று தாயே கூட்டிக்கொண்டு போய் ஆமிக்காரரிடம் ஒப்படைத்தாள். பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு நான் பஸ்ஸில் நேசமணியிடம் சொல்ல ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு இருந்தேன், அது கலைந்துவிடும் என்று மற்றப் பக்கம் பார்த்தேன்.

9.50க்கு முல்லைத்தீவு. வற்றாப்பளை அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர் வரும். பொங்கல் பஸ்ஸில் இனி ஏறமாட்டேன் என்று ஓட்டோ பிடித்தேன். 1,200 கேட்டார், ஆயிரத்துக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய, என் மருமகன் வயது மனிதர். நேசமணியின் வீடு கோயிலுக்குப் போகிற பாதையிலேயே, கடல்நீரேரிக் காற்று அடிக்கிற இடத்தில். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை.

"அரை மணித்தியாலம்தான். நில்லுங்கோ, வந்திடுவன்" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னேன்.

"சண்டைக்கெண்டா அரை மணித்தியாலம் காணாது அம்மா" என்றார். என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ.

நேசமணி முற்றத்தில் நெத்தலி காயவைத்துக்கொண்டு இருந்தாள். எலும்பும் தோலுமாகப் போயிருந்தாள். குரல் மட்டும் போகவில்லை.

"ஆரது? ராணியோ? எடியே, நீ இன்னும் சாகேல்லையோ!"

"தோத்திரம். சுகமா இருக்கிறீங்களோ?" என்றேன்.

"என்னடி 'இருக்கிறீங்களோ'? நான் என்ன விதானையாரோ? வா, வந்து கதிரையில இரு."

நான் இருக்கவில்லை. பிஸ்கற் பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு, நின்றபடியே என் வசனத்தைச் சொன்னேன்: "நீங்கள் எனக்குச் செய்ததை ஆண்டவருக்காக மன்னிக்கிறன்."

"எதை?"

"முகாமில. வசந்தியின்ர கதை."

நெத்தலியில் இருந்த கை நின்றது. மறக்கவில்லை அவள். மறந்திருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும்.

"நான் ஆண்டவரிட்டத்தானே சொன்னனான்? தறப்பாளுக்குப் பின்னால நிண்டவனிட்டயோ சொன்னனான்?"

"ஆண்டவருக்குக் காது மந்தமோ? மெல்லமாச் சொன்னா விளங்காதோ?"

"மேல கிபிர் பிளேனும் பக்கத்தில ஷெல்லும் கேட்டு வந்த சனமடி நாங்கள். அப்ப ஆருக்கு மெல்லமாக் கதைக்கத் தெரிஞ்சது?"

"உனக்கு எப்பத்தான் தெரிஞ்சது! விதைப்புக் காலத்திலயும் உன்ர ஜெபத்துக்கு வயல் கொக்கு எழும்பும்!" வாங்கோ போங்கோ எல்லாம் எப்போது வாயிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. வெளியே ஓட்டோக்காரர் இருமினார்.

அவள் கையைச் சீலையில் துடைத்துவிட்டு எழும்பினாள். "சரி. வசந்திக்கு நான் செய்தது பிழை. அவளிட்டையும் உன்னட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். போதுமோ? ஆனா ஒண்டு சொல்லுறன் ராணி. நீ என்னை மன்னிக்க வரேல்லை. அப்பம் தின்ன வந்தனீ. நீ தட்டைத் தள்ளி விடுறாய் எண்டு எனக்கும் கதை வந்ததுதான்."

ஐந்து இரவும் நான் நினைத்தது என் கையைப் பற்றித்தான், என் தட்டைப் பற்றித்தான். இவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. மன்னிப்பைக் கொண்டுபோய் அவளுடைய முற்றத்தில் கொட்டிவிட்டு அரை மணித்தியாலத்தில் வந்துவிடலாம் என்று ஓட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன்.

தேத்தண்ணி வைத்துத் தந்தாள். என் பிஸ்கற்றையே தட்டில் வைத்தாள். "கிரீம் வைச்சது கடையில இல்லையோ?" என்று கேட்டாள். குடித்து முடித்ததும் நான் எழும்ப, "எங்க போறாய்? ஜெபிக்காமல் போவியோ?" என்றாள்.

எங்கள் ஆட்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால், புறப்படுமுன் ஜெபிக்காமல் படி இறங்குவதில்லை. சாதாரணமாக வந்தவர்தான் ஜெபிப்பார். எனக்குப் பயம் பிடித்தது. இவள் ஆமென் சொல்லத் தொடங்கினாலே தெருவுக்குக் கேட்கும். தெருவிலோ பொங்கல் சனம்.

"என்னத்துக்கு ஜெபிக்க?" என்றேன்.

"ரூபனுக்கு."

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, நேசமணியின்ர மகன் ரூபனை..." என்று தொடங்கினேன்.

"கேக்கேல்லை" என்றாள்.

கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

"றோட்டுக்குக் கேக்கேல்லை."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கண் மூடவே இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "உன்ர பிள்ளையின்ர பேரை ஆரோ கேட்டுப்போட்டினம் எண்டு உனக்கு என்னில கோவம். என்ர பிள்ளையின்ர பேரை ஆராவது கேக்கட்டும் எண்டு நான் அவன்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு, காணாமல்போன பிள்ளையளின்ர தாய்மாரோட றோட்டு றோட்டா இருக்கிறன். அம்மன் கோயிலுக்குப் போற சனமெண்டாலும் கேக்கட்டும். சத்தமாச் சொல்லடி."

சொன்னேன். அவளைப்போலக் கையை உயர்த்திக்கொண்டு, தொண்டை நோகச் சொன்னேன். "ஆண்டவரே, நேசமணியின்ர மகன் ரூபன் எங்க? தாய் தன்ர கையால கொண்டுபோய்க் கொடுத்தவள். எங்க அவன்? தெரிஞ்ச ஆக்களின்ர வாயைத் திற!" காவடியோடு போன ஒரு கூட்டம் படலையடியில் நின்றுவிட்டது. பறை அடித்தவரும் கையை நிறுத்தினார். ஓட்டோக்காரர் இறங்கி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். நான் முடித்ததும் நேசமணி ஆமென் சொன்னாள். அந்த ஆமென் கோயில்வரைக்கும் போயிருக்கும்.

பிறகு என்னுடைய கையைப் பிடித்தாள். "இனி வசந்திக்கு நான் ஜெபிக்கிறன்" என்றாள். நான் கையை இழுத்தேன். விடவில்லை. வாயை என் காதுக்குள் வைத்து, வசந்திக்காக ஜெபித்தாள். மூச்சுத்தான் கேட்டது. பெயரைச் சொன்ன இடம்கூட எனக்கு ஒழுங்காகக் கேட்கவில்லை. நேசமணிக்கு அப்படியும் ஒரு குரல் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஓட்டோ இரண்டரை மணித்தியாலம் நின்றது. காத்திருந்ததற்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "அந்தப் பொடியன்ர பேர் என்னம்மா சொன்னீங்கள், ரூபனோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பேசிய ஆயிரத்தைத்தான் வாங்கினார். முல்லைத்தீவு நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதற்கும் தனியாகக் காசு வாங்கவில்லை. 2.15 பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. எல்லோரும் கோயிலுக்குப் போகிற நேரத்தில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் குறைவு. விசுவமடுக் கிணற்றடியில் பஸ் நின்றபோது அந்த மாடி வீட்டை மறுபடி பார்த்தேன். கோபம் அப்படியேதான் இருந்தது. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

அடுத்து வந்த முதல் ஞாயிறு தட்டு வந்தது. எடுத்தேன். நான் சுட்ட அப்பத்தில் உப்புக் கூடிப்போயிருந்தது. இத்தனை வருடமும் தின்றவர்களில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் ஒவ்வொருவருடைய முகமும் எனக்கு நினைவிருக்கிறது. புதன்கிழமை வகுப்பில் பாஸ்டர், "இப்ப மனம் ஆறுதலோ அம்மா?" என்றார். இல்லை என்றேன். மன்னித்தால் மனம் ஓயும் என்று சொல்லித்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். எனக்கு ஓயவில்லை, வேலைதான் கூடியது. மாதத்தில் ஒரு நாள் நேசமணியோடு தெருவில் போய் இருக்கிறேன், படத்தின் மற்ற விளிம்பைப் பிடித்துக்கொண்டு. சீடத்துவம் என்பது வகுப்பில் இருப்பது என்று நினைத்துத்தான் நான் பெயர் கொடுத்தேன்.

இப்படியான பயணம் போக இருப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். திங்கள் வெள்ளி தவிர்த்துப் போனால் பஸ்ஸில் இடம் கிடைக்கும். புதுக்குடியிருப்பில் பத்து நிமிடம் நிற்கும், அங்கே ஒதுங்க வசதி உண்டு. தண்ணீர் கொண்டு போங்கள். பேச வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள், முதல் வசனத்துக்கு மேல் உதவாது. ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்வதென்றால் நேரம் சொல்லாதீர்கள். பிஸ்கற் வாங்கினால் கிரீம் வைத்ததையே வாங்குங்கள், திரும்பப் போகும்போது கதை கேட்கத் தேவையில்லை.

இப்போது காலையில் குசினியில் நின்று ஜெபிக்கும்போது ரூபனின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறேன். முந்தாநாள் வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்கள், ஆரக்கா அது ரூபன்?" என்று கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வேலியடிக்குப் போனேன்.